இருநூற்று நான்கு குழி

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோதே அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. 2018 பிப்ரவரி மாதம். ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் கிராமம். திண்ணையில் உட்கார்ந்திருந்த பங்காளி ஒருவர், "பெண்கள் இரண்டு பேரும் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடட்டும். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது" என்றார். அண்ணன் தலையாட்டினார். தம்பி தரையைப் பார்த்தான். அக்கா கொல்லையில் அண்டா கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது எந்த மறுப்பும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் அத்தைகள் அப்படித்தான் கையெழுத்துப் போட்டார்கள். அம்மாவும் தன் பிறந்த வீட்டில் அப்படித்தான் போட்டார்.

நாங்கள் நான்கு பிள்ளைகள். அக்காவுக்கு 1983-இல் திருமணமானது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே வாக்கப்பட்டு, நடுவயதில் கணவரை இழந்தவர். அடுத்து அண்ணன். பிறகு நான், பள்ளி ஒன்றில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். கடைசியில் தம்பி. அப்பா விட்டுச் சென்றது ஒன்பது மா நஞ்சையும் ஓர் ஓட்டு வீடும். எங்கள் பகுதியில் ஒரு மா என்பது நூறு குழி; மூன்று மா சேர்ந்தால் ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஒன்பதில் ஆறு மா பாட்டன் வழி வந்தது. மூன்று மா அப்பா 1978-இல் தாமே வாங்கியது.

அந்த ஆண்டு அக்டோபரில் பத்திர எழுத்தரின் கடைக்கு எங்களை வரச் சொன்னார்கள். இருபது ரூபாய் முத்திரைத்தாள் முதற்கொண்டு எல்லாம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. தலைப்பு விடுதலைப் பத்திரம், அதாவது நம் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது. பள்ளியில் நாள் முழுவதும் காகிதம் படித்துப் பழகியவள் என்பதால் நின்றபடியே படித்தேன். எனக்குரிய பாகத்துக்காக ரொக்கம் பத்தாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டேன் என்று இருந்தது. ஒரு ரூபாய்கூட யாரும் தரவில்லை. அதற்கடுத்த வரி: "இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் பின் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை." அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. என் மகளின் முகம் நினைவுக்கு வந்தது.

"அண்ணா, இதன் நகல் ஒன்று கொடுங்கள். வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வருகிறேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மறுக்கவில்லை, பங்கும் கேட்கவில்லை. ஆனாலும் கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பத்திர எழுத்தர் அக்காவைக் காட்டி, "அவருக்கு 89-க்கு முன்னாலேயே திருமணமாகிவிட்டது. சட்டப்படி அவருக்குப் பங்கே கிடையாது. பின்னால் தகராறு வரக்கூடாது என்றுதான் அவரிடமும் வாங்குகிறோம்" என்றார். அக்கா அதை நம்பினார். நானும் நம்பினேன்.

இன்று என்னிடம் ஆலோசனை கேட்கும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அந்த நகலைக் கேளுங்கள். "மாட்டேன்" என்று சொல்லத் துணிவு வராவிட்டாலும் "படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்ல வரும். பதிவான விடுதலைப் பத்திரத்தை உடைக்க வேண்டுமானால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஏமாற்றப்பட்டேன், மிரட்டப்பட்டேன் என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கும் காலக்கெடு உண்டு. கையெழுத்துக்கு முன்னால் ஒரு வாரம் கேட்டு வாங்குவது அதைவிட எத்தனையோ மடங்கு எளிது.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா என்னைத்தான் கடிந்துகொண்டார். "நாலு குழி நிலத்துக்காக அண்ணன் தம்பியைப் பகைக்கிறாயா? நாளைக்கு நான் செத்தால் பிறந்த வீட்டுக் கோடித் துணி போட யார் வருவார்கள்?" என்று அழுதார். இந்தப் பயத்தைச் சின்னதாக நினைக்க என்னால் முடியாது. காதுகுத்துக்கும் சடங்குக்கும் திருமணத்துக்கும் தாய்மாமன் வந்து நிற்க வேண்டும். பொங்கலுக்குச் சீர் வரவேண்டும். சாகும்போது பிறந்த வீட்டுக் கோடி உடலின்மேல் விழ வேண்டும். இந்த வரிசை அறுந்துவிடுமோ என்ற அச்சம்தான் நம் பெண்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தின் படிகளில் ஏற்றுகிறது. மிரட்டிக் கையெழுத்து வாங்குகிறவர்கள் உண்டுதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் பாசத்தைக் காட்டித்தான் வாங்குகிறார்கள்.

அடுத்த மாதம், நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. அக்கா தன் கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த நாற்பது மரங்களில் ஆறுதான் நின்றன. நிவாரணக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள், நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவைக் கேட்டார்கள். அது அக்காவின் கொழுந்தனார் பெயரில் இருந்தது. பணம் அவர் கணக்குக்குப் போயிற்று. அவர் கொடுமைக்காரர் அல்லர்; தன் தோப்பும் போய்விட்ட துயரத்தில் இருந்தவர், கொடுக்க மறந்துவிட்டார். அக்காவும் கேட்கவில்லை. இருபது ஆண்டுகள் அந்த மண்ணில் குனிந்து நிமிர்ந்த பெண்ணுக்கு அரசாங்கத்தின் எந்தத் தாளிலும் பெயர் இல்லை.

மின்சாரம் திரும்பிவந்த பிறகு ஒரு நாள் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "பாப்பா, அந்தப் பத்திரத்தில் நீ கையெழுத்துப் போட்டுவிட்டாயா?" இல்லை என்றேன். "போடாதே. நானும் போடவில்லை" என்றார்.

இது அக்காவின் கதை மட்டும் அல்ல. 2015-16-ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பில், நாட்டில் சாகுபடி நிலம் வைத்திருப்போரில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர்தான் பெண்கள். நடவு வயலில் எத்தனை பேர் பெண்கள் என்று ஊரில் பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெயர் இல்லாவிட்டால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் எளிதில் கிடைக்காது, காப்பீடும் எளிதில் கிடைக்காது, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டாலும் பணம் வேறொருவர் கணக்கில் ஏறும்.

ஒரு சக ஊழியர் சொல்லித்தான், நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்தது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெண்ணாக இருந்தால் போதும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. நான் சம்பளக்காரி ஆயிற்றே, எனக்குக் கிடைக்காது என்று எண்ணிக்கொண்டு போனேன். கிடைத்தது. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

அங்கே எங்களுக்கு ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் ஒரு பெண். அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்கு வியப்பாக இருந்தது. "உங்கள் தாத்தா எந்த வருடம் இறந்தார்?" பங்கு கேட்கப் போன இடத்தில் நான் பார்த்தே இராத தாத்தாவைப் பற்றி எதற்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். காரணம் இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17-இல் நடைமுறைக்கு வந்தது. தாத்தா அதற்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவரிடமிருந்து அப்பாவுக்கு வந்தது அப்பாவின் தனிச் சொத்தாகவே பெரும்பாலும் கருதப்படும். அதற்கு முன்னால் இறந்திருந்தால் அது பூர்வீகச் சொத்து, கணக்கே வேறு. எங்கள் தாத்தா இறந்தது 1951-இல். அப்பாவும் பெரியப்பாவும் 1964-இல் செய்துகொண்ட பாகப்பத்திரத்தில் அது எழுதியிருந்தது. அவ்வளவு பழைய பத்திரம் இணையத்தில் கிடைக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, மூன்று முறை அலைந்து நகல் வாங்கினேன். அந்த அலைச்சல்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது.

அவர் ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே அப்படியே எழுதுகிறேன். அப்பா தாமே வாங்கிய மூன்று மா, அதாவது 300 குழி: அம்மாவும் நான்கு பிள்ளைகளும் ஆக ஐந்து பேருக்கும் சரிசமம், ஆளுக்கு 60 குழி. இந்த உரிமை 1956 முதலே மகளுக்கு உண்டு. திருமணம் எப்போது நடந்தது என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பூர்வீகமான ஆறு மா, 600 குழி: அப்பாவும் நான்கு பிள்ளைகளும் பிறப்பாலேயே பங்காளிகள். ஆளுக்கு ஐந்தில் ஒன்று, 120 குழி. அப்பா இறந்ததும் அவருடைய 120 குழி மறுபடி ஐந்தாகப் பிரிந்து அம்மா உட்பட ஆளுக்கு 24. ஆகப் பிள்ளை ஒன்றுக்கு 144. இரண்டையும் கூட்டினால் எனக்கு 204 குழி, அக்காவுக்கு 204, அண்ணனுக்கு 204, தம்பிக்கு 204. அம்மாவுக்கு 84. எல்லாம் சேர்ந்து 900.

அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதுவரை 'ஏதோ கொஞ்சம் பங்கு' என்று இருந்த ஒன்று எண்ணாக மாறியபோது எனக்குள் ஒரு நிமிர்வு வந்தது.

அக்காவின் 89-ஆம் ஆண்டுச் சிக்கலுக்கும் வழக்கறிஞரே விளக்கம் சொன்னார். செங்கல்பட்டில் 1929-இல் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்கும் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989 மார்ச் 25 முதல் நடப்புக்கு வந்த அந்தச் சட்டம் மகள்களைப் பூர்வீகச் சொத்தில் பங்காளியாக்கியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டது. பத்திர எழுத்தர் சொன்னது இந்தப் பாதியை மட்டும்தான். 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தத்தில் அப்படி ஒரு விலக்கு கிடையாது. அதற்குப் பிறகு பதிமூன்று ஆண்டுகள் கழிந்தும் என் அக்காவிடம் பழைய பாதியைச் சொல்லித்தான் கையெழுத்துக் கேட்டார்கள். இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு வரும் அழைப்புகளில் பலவும் இதைப் பற்றியவைதான்.

அப்பா 2005-க்கு முன்பே இறந்துவிட்டாரே, எனக்கு உண்டா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். உண்டு. வினிதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11-இல் அதைத் தெளிவாக்கிவிட்டது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்ற ஆணை மூலமோ பாகம் பிரிந்திருந்தால் அதைக் கலைக்க முடியாது. "அப்போதே வாய்மொழியாகப் பிரித்துவிட்டோம்" என்று வெறும் வாயால் சொன்னால் அது பொதுவாக நிற்காது. இவை இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கானவை. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.

இதில் நான் ஒரு தவறு செய்தேன். சமரசப் பேச்சுக்கு வரும்படி சட்டப் பணிகள் குழுவிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் கடிதம் போவதற்கு முன், நானே ஊருக்குப் போய் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அஞ்சினேன், போகவில்லை. கடிதம் வந்த அன்று மாலை அண்ணன் அழைத்து, "அப்பா இருந்த வீட்டு வாசலுக்குக் கோர்ட்டுக் காகிதம் அனுப்பிவிட்டாய்" என்று ஒரே வரி சொல்லி வைத்துவிட்டார். சமரசப் பேச்சைத் தவிர, மூன்று ஆண்டுகள் என்னோடு பேசவில்லை. பங்கு கேட்டதற்காக அல்ல, கடிதத்துக்காகத்தான் என்று அண்ணி பிறகு சொன்னார். நேரில் சொல்லியிருந்தாலும் கோபம் வந்திருக்கலாம். ஆனால் அந்தக் காயத்தைத் தவிர்த்திருக்கலாம்.

பேச்சு இரண்டு அமர்வுகள் நடந்தது. முதல் அமர்வில் அண்ணன், "உனக்கு இருபத்தைந்து பவுன் போட்டோம், அது பங்கு இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். வழக்கறிஞர் பதில் சொல்வதற்குள் தம்பி பேசினான். "அது மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்று போட்டது. சின்னக்கா கேட்டாளா? எனக்கு மோட்டார் சைக்கிளும் டிப்ளமோ படிப்பும் அப்பா கொடுத்தார். அதைக் கழித்துக்கொண்டா எனக்குப் பங்கு தருகிறீர்கள்?" அன்று அவன் அப்படிப் பேசியிராவிட்டால் நாங்கள் நீதிமன்றத்தில்தான் நின்றிருப்போம்.

பிறகு கொரோனா வந்து எல்லாம் நின்றுபோயிற்று. 2021 பிப்ரவரியில்தான் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாயிற்று. வீட்டில் எங்களுக்கும் பங்கு உண்டு. நானும் அக்காவும் அதைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தோம். அம்மா ஆயுள் வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதச் சொன்னோம். பதிலுக்குத் தம்பி தன் நிலத்தில் 20 குழி அக்காவுக்கு விட்டான். சாலையோர நிலம் அண்ணனுக்குப் போனது. இவ்வளவு இருக்கிறது, அதில் இவ்வளவை விடுகிறேன் என்று கணக்குத் தெரிந்து விட்டுக்கொடுத்தபோது எனக்கு வருத்தமே இல்லை.

சின்னதாகத் தெரியும் சில விஷயங்களில்தான் பிற்பாடு சண்டை வருகிறது. போர்வெல் தண்ணீர் யாருக்கு எத்தனை மணி நேரம், அறுவடை இயந்திரம் எந்த வழியாக உள்ளே வரும், வாய்க்கால் மடை யார் வயலில் இருக்கிறது, இவற்றையெல்லாம் பத்திரத்தில் எழுதவைத்தார் வழக்கறிஞர். எழுதாமல் விட்டிருந்தால் அக்காவின் வயல் தண்ணீரும் வழியும் இல்லாத தீவாகியிருக்கும். கட்டணத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு: குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினைக்கும், சொத்தை எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அது முத்திரைத் தீர்வைக்கு 40,000 ரூபாயாகவும் பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

பத்திரம் பதிந்ததோடு முடிந்தது என்று நாங்கள் எண்ணினோம். முடியவில்லை. பட்டா அப்போதும் அப்பா பெயரில்தான் இருந்தது. கூட்டுப் பட்டாவில் ஐந்து பெயர்களையும் சேர்த்துத் தருகிறோம், வேலை சீக்கிரம் முடியும் என்றார்கள். வேண்டாம், உட்பிரிவு செய்து தனிப்பட்டாதான் வேண்டும் என்று நின்றோம். நில அளவர் வந்து கல் நட்டு, தனிப்பட்டா கைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. கூட்டுப் பட்டாவில் பெண்ணின் பெயர் இருந்தும் நிலம் கையில் இல்லாத குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். நம் பெயர் இருக்கிறதா என்பதை அரசின் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு யாரும் பார்த்துக்கொள்ளலாம். நான் இன்றும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

வாரிசுச் சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணன் வாங்கிய சான்றிதழில் மகள்கள் பெயரும் இருந்தது. அதனால்தான் எங்கள் கையெழுத்தே தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் மகளின் பெயரையே விட்டு வாங்கி, நிலத்தை விற்றும் விட்டார்கள். அப்பா இறந்தால் அழுது முடித்த கையோடு, சான்றிதழில் யார் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

எனக்கு மிகவும் வலித்த இடம் அண்ணனிடம் அல்ல. பட்டா வந்த வாரத்தில் அக்காவின் மகன் வந்தான். நல்ல பையன், திருப்பூரில் வேலை. "எப்படியும் எனக்குத்தானே வரப்போகிறது. இப்போதே என் பெயரில் எழுதிவிட்டால் கடன் வாங்க வசதியாக இருக்குமே அம்மா" என்றான். அக்கா கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டார். அப்பா பெயரிலிருந்து கணவர் பெயருக்கு, அதிலிருந்து மகன் பெயருக்கு என்று நிலம் பெண்ணைத் தாண்டித் தாண்டியே போகிறது. நடுவில் அவள் பெயருக்கு ஓர் இடம் கிடைத்தால்கூட ஒரு வாரம் தங்கவிடுவதில்லை. அன்று நான் அக்காவிடம் கோபமாகவே பேசினேன். கஜாவை நினைவூட்டினேன். அக்கா எழுதிக் கொடுக்கவில்லை. மகன் சில மாதங்கள் முகம் கொடுக்காமல் இருந்தான், பிறகு சரியாகிவிட்டான்.

அக்கா தன் 224 குழியில் இப்போது சம்பா போடுகிறார். பெரிய வருமானம் இல்லை. இரண்டு மாவுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். முதல் அறுவடையில் கொள்முதல் நிலையத்தில் தன் பெயரில் ரசீது போட்டு, பணம் தன் வங்கிக் கணக்கில் ஏறிய நாளில், அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்கச் சொல்லி எனக்கு மூன்று முறை அழைத்தார். அண்ணன் 2022 தீபாவளிக்குச் சீர் கொண்டுவந்தார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றியபடி, "உன் வயலில் வரப்பு உடைந்திருக்கிறது, பார்த்துக்கொள்" என்றார். அவர் மறுபடி பேச ஆரம்பித்தது அப்படித்தான்.

அம்மாவின் 84 குழி மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது. அண்ணன் ஒரு மாதிரி, தம்பி ஒரு மாதிரி, அக்கா ஒரு மாதிரி கேட்டுப் பார்த்தார்கள். போன பொங்கலுக்கு நானும் மெல்லக் கேட்டேன். அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. பட்டாவை மஞ்சள் பையில் சுற்றித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருக்கிறார். "யாருக்கு எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஆயி. எழுதும்போது சொல்கிறேன்" என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.